படத்தில் பறந்த பூநாரைகள்

உப்பங்கழிக்குச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்காக, அங்குள்ள பறவைகளையும் மீன்களையும் பலகைகளில் வரைபவள் செரபினா. அவளிடம் சீடராக வந்து சேர்ந்த தணிகைவேல் அவளைவிட மூத்தவர். காலமெல்லாம் கடைப் பலகை எழுதிய கை. தெருவில் போகிறவனை நின்று பார்க்க வைக்கும் வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவள் அவரை 'அண்ணே' என்பாள். அவர் அவளை 'டீச்சர்' என்பார்.

படகுத்துறையில் வைக்கப் பூநாரைகளின் படம் வேண்டியிருந்தது. அதை அவரிடமே விட்டாள். பூநாரை நிற்கும்போது வெளுத்துத்தான் தெரியும். சிறகை விரித்தால்தான் உள்ளே இருக்கும் சிவப்பு வெளியே வரும். தணிகைவேல் விடுவாரா? கூட்டம் மொத்தத்தையும் வானத்தில் ஏற்றிவிட்டார்.

"ஒரு இறகாவது தப்பா இருக்கா டீச்சர்?"

"இல்லண்ணே."

அவளுக்கும் அந்தப் படம் ரொம்பப் பிடித்திருந்தது.

பலகை வைத்த ஞாயிற்றுக்கிழமை, ஜனங்கள் அதைப் பார்ப்பதைப் பார்க்கத் தணிகைவேலும் துறைக்குப் போனார். "அடேயப்பா!" என்றார்கள். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். மனசு குளிர்ந்துபோய் அவரும் அவர்களோடு படகில் ஏறிக்கொண்டார்.

கழியின் நடுவே பூநாரைகள் தலையைக் கவிழ்த்து இரை எடுத்துக்கொண்டிருந்தன.

"படத்துல பறக்குதே, இங்க என்ன சும்மா நிக்குது?" என்றார் ஒருவர்.

"கையத் தட்டுங்க, கிளம்பும்."

படகு மொத்தமும் கைதட்டியது. பறவைகள் எழும்பின.

"அதேதான்! படத்துல இருக்கிற மாதிரியே!"

பறவைகள் மறுபடி இறங்கும்போது அடுத்த படகு வந்துவிட்டது. அதிலும் தட்டினார்கள். தணிகைவேல் தட்டவில்லை. ஆனால் தட்டியவர்களைத் தடுக்கவும் இல்லை.

அந்தச் சீசன் முழுக்க இதேதான் நடந்தது.

ஒருநாள் படகுக்கார மிக்கேல், செத்த பூநாரை ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். சாம்பல் நிறம் மாறாத இளசு. செரபினா அதை வாங்கித் தணிகைவேலின் கையில் கொடுத்தாள்.

"நெஞ்சைத் தொட்டுப் பாருங்கண்ணே."

சதையே இல்லை. எலும்பு கத்தி மாதிரி விரலில் தட்டியது.

"சீக்கா டீச்சர்?"

"பட்டினி. தின்ன விட்டாத்தானே?"

தணிகைவேல் பறவையைக் கீழே வைத்தார். கறுப்புப் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடினார். செரபினா பின்னாலேயே போய் டப்பாவைப் பிடுங்கினாள்.

"விடுங்க டீச்சர்! கொன்ன பாவி நான்."

"வைக்கச் சொன்னவ நான். பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு."

இருவரும் பலகையைக் கழற்றித் தரையில் குப்புறப் போட்டார்கள். தணிகைவேல் அதன் மேலேயே உட்கார்ந்து அழுதார். அழுது முடித்துக் கேட்டார்.

"இனிமே நான் என்னத்த வரையட்டும்?"

மறுநாள் படகுகளுக்கு விடுமுறை. விடிந்ததும் செரபினா அவரைக் கழிக்கரைக்குக் கூட்டிப்போய், புதருக்குப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

பறவைகள் சேற்றை மிதித்து மிதித்துக் கலக்கின. அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு அரித்தன. ஒரு சாம்பல் இளசு அதே மாதிரி மிதிக்கப் பார்த்துத் தடுமாறியது. மறுபடி ஊன்றிக்கொண்டு மிதித்தது. யாரும் அவற்றைக் கலைக்கவில்லை.

செரபினா திரும்பி வந்து அவர் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள். தணிகைவேல் அவள் பக்கம் திரும்பாமலே தாழ்ந்த குரலில் கேட்டார்.

"காலையிலேர்ந்து தின்னுட்டே இருக்கு, டீச்சர். ஒரு தடவைகூடப் பறக்கல. இதைப் போய் வரைஞ்சு வச்சா எவன் நின்னு பார்ப்பான்?"

"பொழுது சாஞ்சாச்சு, அண்ணே. நீங்க இன்னும் எந்திரிக்கலையே."