கருவாயன் சிலிர்க்கவில்லை

அந்தக் காலத்தில் ஆடு மாடெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தன. செல்போனும் வந்திருந்தது. ரெண்டும் ஒரே காலத்தில் எப்படி இருக்கும் என்று கேட்கக் கூடாது. இருந்தது, அவ்வளவுதான்.

முள்ளிக்குளத்தில் தவசிலிங்கம் என்று ஒரு சம்சாரி. அவர் காட்டில் மூன்று இடத்தில் போர் போட்டும் புழுதிதான் பறந்தது. நாலாவது போடும்போது, "ஆத்தா, தண்ணியைக் காட்டு, உனக்குக் கிடா வெட்டுறேன்" என்று ஈச்சங்காட்டு அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். முன்னூறு அடியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்துவிட்டது. வீட்டில் வளர்ந்த கருவாயனை ஆத்தா பேருக்கு எழுதியாயிற்று. உடம்பெல்லாம் வெள்ளை, வாய் மட்டும் கறுப்பு, அதுதான் கருவாயன்.

அந்தக் கோயிலில் கிடாயைச் சும்மா வெட்டிவிட முடியாது. மாலை போட்டு, சாமிக்கு முன்னால் நிறுத்தி, தலையில் மஞ்சத்தண்ணி ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்து உதறினால் ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள், கிடாயும் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். உதறாத கிடா மேல் அரிவாள் படக்கூடாது. ஆனால் அதுவரைக்கும் உதறாத கிடா என்று ஒன்று அந்தக் கோயில் வாசலுக்கு வந்ததே இல்லை. ஈரம் பட்டால் எந்த ஆடுதான் உதறாது?

செவ்வாய்க்கிழமை காலை. கூட்டம் கூடியிருந்தது. பூசாரி சோணமுத்து சொம்பைத் தூக்கினார்.

"பூசாரியய்யா, ஒரு நிமிஷம்," என்றான் கருவாயன். "என் சம்மதத்தைக் கேக்கத்தானே இந்தத் தண்ணி?"

"ஆமப்பா."

"அப்ப வாயாலயே சொல்லிர்றேன். எனக்குச் சம்மதமில்லை."

பூசாரி சொம்பைக் கொஞ்சம் தாழ்த்தினார். "வாயால சொல்றதெல்லாம் சாமி காரியத்துல செல்லாதுப்பா. ஒடம்பு சொல்லணும்."

"ஒடம்பு குளுந்தா நடுங்கும். நடுக்கம் சம்மதமாய்யா? போன மாசம் உங்களுக்குக் காய்ச்சல் வந்து தூக்கித் தூக்கிப் போட்டுச்சே, அது எதுக்குச் சம்மதம்?"

தவசிலிங்கத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "டேய், ஆத்தா தண்ணி குடுத்திருக்காடா."

"தண்ணி வந்தது உங்க காட்டுக்குண்ணே. போறது மட்டும் என் கழுத்தா? நேந்துக்கிட்டது நீங்க. உங்க தலையில ரெண்டு சொம்பு ஊத்திப் பாக்கச் சொல்லுங்க, சிலிர்க்குதான்னு."

கூட்டம் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அங்காளீஸ்வரி. தவசியின் கொழுந்தியாள், நூல் மில்லில் வேலை பார்ப்பவள். "மச்சான், கிடா கேக்குறதும் நாயந்தானே? துண்டை எடுத்துட்டு உக்காருங்க!"

"நீ பேசாம இரு. ஈரல் வறுவல் வேணுமா வேணாமா ஒனக்கு?"

முதல் சொம்பு இறங்கியது. கருவாயன் நாலு காலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டான். ரெண்டாவது, மூன்றாவது. அசையவில்லை. புதுப் போர்த் தண்ணியைக் குடத்தில் கொண்டுவந்து கவிழ்த்தார்கள். சர்பத் கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கிவந்து போட்டுக் கலக்கி ஊற்றினார்கள். தாடியில் மஞ்சள் தண்ணீர் சொட்டியது, அவ்வளவுதான்.

கடைசியில் பூசாரி இடது காதைப் பிடித்து அதற்குள்ளேயே ஊற்றினார். காதில் தண்ணி போனால் யானையே தலையை உதறும். கருவாயனின் தோல் கழுத்திலிருந்து வால்வரைக்கும் உள்ளுக்குள்ளேயே நெளிந்தது. மாலையிலிருந்த ஒரு செவ்வந்தியைப் பல்லில் கடித்துக்கொண்டான். கண்ணை மூடவில்லை. பூசாரியையே பார்த்தான். காது மடங்கித் தொங்கியது. அந்த நேரம் பார்த்து முதுகில் ஒரு ஈ வேறு வந்து உட்கார்ந்தது. அதற்கும் சிலிர்க்கவில்லை.

அங்காளீஸ்வரியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் மில்லில் ஒவ்வொரு சனிக்கிழமையும் சூப்பர்வைசர் சொல்வான்: "நாளைக்கும் வேலை இருக்கு. யாரும் ஒண்ணும் சொல்லலை, அப்ப எல்லாருக்கும் சம்மதம்." நாற்பது பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். அதில் அவளும் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றை அவள் பார்த்து எட்டு மாசமாகிறது.

போனை எடுத்தாள். ஒரே ஒரு படம். கீழே, "கேட்டாச்சு. சிலிர்க்கலை" என்று எழுதினாள். சொந்தக்காரர்கள் குரூப்பிலும் மில்லுப் பெண்கள் குரூப்பிலும் போட்டுவிட்டாள்.

தவசிக்குப் பொறுக்கவில்லை. ரெண்டு அண்டா மசாலா அரைத்து வைத்திருக்கிறது. சம்பந்தி வீட்டு வேன் வந்துகொண்டிருக்கிறது. "எல்லாரும் போய்ப் பொங்கல் சாப்பிடுங்க" என்று கூட்டத்தைக் கலைத்தார். வாசலில் ஆள் இல்லை என்றதும் பூசாரி காதில், "இப்ப லேசா சிலிர்த்துச்சுல்ல?" என்றார்.

பூசாரி வேப்பமரத்தைப் பார்த்தார். "சிலிர்த்த மாதிரிதான்..."

"நான் எங்கய்யா சிலிர்த்தேன்?"

"வாயால சொல்றது செல்லாதுன்னேன்ல!" என்றார் பூசாரி. தவசி அரிவாளை ஓங்கிவிட்டார்.

அப்போதுதான் வேன் வந்து நின்றது. சம்பந்தி வீரபெருமாள் கையில் போனோடு குதித்து இறங்கினார். "அரிவாளைக் கீழ போடுங்க சம்பந்தி! கிடா உதறலையாமே?"

"இப்பத்தான் உதறுச்சு. பூசாரியைக் கேளுங்க."

வீரபெருமாள் கிடாயை ஒரு சுற்று சுற்றிவந்தார். பிறகு ரெண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "இம்புட்டு ஈரத்தோட உதறியிருந்தா உங்க ரெண்டு பேர் மூஞ்சியும் மஞ்சக் குளிச்சிருக்கணுமே? ஒரு சொட்டுக்கூட இல்லையே. உத்தரவில்லாம வெட்டுன கறியை எங்காளுக தொடமாட்டாக."

பூசாரி மெள்ள முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வேன் சத்தம் கேட்டு வந்து நின்ற கொழுந்தியாள் பக்கம் தவசி பாய்ந்தார். "அழிடி அதை!"

"அழிச்சா மட்டும்? அது இந்நேரம் எத்தனை ஊரு தாண்டியிருக்கோ மச்சான். உங்க கோவத்துக்கு அது திரும்பி வராது." சொல்லிக்கொண்டே கிடாவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

நிசமாகவே தாண்டியிருந்தது. வேனுக்குள்ளேயே யாரோ படத்துக்கு ரெண்டு பக்கமும் விளக்கு வைத்து, மேலே "ஆத்தா துணை" என்று போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே இன்னொரு வரி. கருவாயன் அதை அங்காளீஸ்வரியை வாசிக்கச் சொன்னான்.

"'இதை உடனே பதினோரு பேருக்கு அனுப்பாவிட்டால் வீட்டில் கெட்டது நடக்கும்'னு இருக்கு."

"அந்த வரியை எடுத்திருங்கக்கா. ஆத்தா படத்தைப் பிடிச்சவங்க அனுப்பட்டும், பிடிக்காதவங்க விடட்டும். பயந்து அனுப்புறதும் குளுந்து நடுங்குறதும் ஒண்ணுதான். என் மூஞ்சியை வச்சு யாரையும் அப்படிச் சம்மதிக்க வைக்கக் கூடாது."

அங்காளீஸ்வரி அந்த வரியை வெட்டிவிட்டு மறுபடி அனுப்பினாள். அன்றைக்கு அண்டா மசாலாவில் கத்தரிக்காய் வெந்தது. வீரபெருமாள் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். தவசி மட்டும் சாப்பிடவில்லை. கருவாயன் கழுத்துக் கயிற்றைத் தாமே அவிழ்த்துவிட்டு, காதில் நின்ற தண்ணியைத் துண்டு நுனியால் ஒத்தி எடுத்தார். எடுத்து முடித்த பிறகுதான் கருவாயன் உதறினான். தவசி முகமெல்லாம் மஞ்சள்.

"இப்ப வெட்டலாமா?" என்றார் பூசாரி.

"வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஓடிருங்க," என்றார் தவசி.

அந்தச் சனிக்கிழமை மில் குரூப்பில் சூப்பர்வைசர் எழுதினான்: "நாளைக்கு வேலை உண்டு. யாரும் மறுக்கலைன்னா சம்மதம்னு எடுத்துக்கிறேன்." அங்காளீஸ்வரி கருவாயன் படத்தை அனுப்பினாள். பிறகு இன்னொரு கருவாயன் வந்தான். அடுத்து ஒருத்தன். நாற்பது கிடா வரிசையாக வந்து நின்று சூப்பர்வைசரைப் பார்த்தன. ஞாயிற்றுக்கிழமை மில் ஓடவில்லை.

மேலே உட்கார்ந்திருக்கிற யாராவது, "ஒருத்தரும் வாய் திறக்கலை, அப்ப சரின்னுதானே அர்த்தம்" என்று எழுதினால், அடுத்த நிமிஷம் மாலையும் ஈரமுமாக ஒரு கருவாய்க் கிடா அங்கே வந்து நிற்கிறதே, சாமி படங்களில் அது ஒன்று மட்டும் பதினோரு பேருக்கு அனுப்பு என்று யாரையும் மிரட்டாமல் ஊர் சுற்றுகிறதே, அதெல்லாம் அன்றைக்குத் தொடங்கியதுதான்.