பணகுடி போகாத வண்டி

“ஆசானே, இந்த எஞ்சினும் சரியில்ல. நடுங்குது. மாத்தணும்.”

தாணுலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. நாகர்கோவிலில் கிரேஸ்லினின் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்தார். அவள் அவரைவிட ரொம்ப இளையவள். ஆனாலும் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்.

அவருடைய மோட்டார் சைக்கிள் பழையது. முன்பு வைத்திருந்தவர் யாரோ ஃபிரேமை வெட்டி, நீட்டி, தன் ஆசைக்குச் செய்துகொண்டது. அதில் டீசல் எஞ்சின் இருந்தது. தாணுலிங்கம் அதைக் கழற்றிவிட்டு ஒரு பெட்ரோல் எஞ்சினை ஏற்றினார். இப்போது அதுவும் நடுங்குகிறது என்கிறார்.

“எங்க வச்சு நடுங்குது?” என்று கேட்டாள் கிரேஸ்லின்.

“காவல்கிணறு தாண்டினதும்.”

“டீசல் எஞ்சின்?”

“அதுவும் அங்கதான்.”

“எங்க போறிய?”

“பணகுடி.”

“அங்க யாரு?”

அவர் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“மக. பகவதி. அவளாப் பாத்துக் கட்டிக்கிட்டா. என் மூஞ்சில முழிக்காதேன்னு சொல்லிட்டேன். இப்ப பிள்ளை பிறந்திருக்காம்.”

கிரேஸ்லின் வண்டியின் பக்கம் திரும்பினாள்.

“எந்த எஞ்சின் வேணும்?”

“ரெட்டை சிலிண்டர். அது நடுங்காது.”

பழைய எஞ்சினைத் தாங்கிய பிராக்கெட்டுகளை வெட்டி எடுத்தார்கள். புதியதை உட்கார வைத்தால் டேங்க் இடித்தது. டேங்கைத் தூக்கினார்கள். புது பிராக்கெட்டைப் பற்றவைத்து முடிப்பதற்குள் தாணுலிங்கம் போல்ட்டோடு வந்து நின்றார்.

“ஆறட்டும் அண்ணாச்சி.”

“ஆறிட்டு.”

தொட்டார். விரல் சுட்டுக் கொப்பளித்துவிட்டது.

எஞ்சினை ஓடவிட்டபோது பட்டறையே கேட்டது. சீரான சத்தம். ஒரு போல்ட்கூட அதிரவில்லை. தாணுலிங்கம் சாப்பிடக்கூட நிற்காமல் கிளம்பினார்.

வெயில் சாயுமுன் திரும்பி வந்துவிட்டார்.

“நடுங்குது.”

கிரேஸ்லின் கை கழுவினாள். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“விடுங்க.”

தோவாளை போனது. ஆரல்வாய்மொழி போனது. காவல்கிணறு தாண்டியதும் வண்டி மெதுவானது.

“திரும்பிரலாமா ஆசானே?”

“நேராப் போங்க.”

பணகுடியில் ஒரு தெருமுனை. அவர் பிரேக்கை அழுத்தினார். ஹேண்டில்பார் உதறிக்கொண்டிருந்தது.

“பாத்தியளா? நான் சொன்னேம்லா?”

“பாத்தேன்.”

கிரேஸ்லின் அவர் தோளைத் தாண்டிக் கைநீட்டிச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் நின்றது.

ஹேண்டில்பார் நிற்கவில்லை.

தாணுலிங்கம் தன் கைகளைப் பார்த்தார். அவற்றை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்க அவருக்கு நேரமானது.

தெருவின் உள்ளே ஒரு குழந்தை அழுதது. யாரோ அதைத் தேற்றினார்கள்.

“அவ குரல்தான்,” என்றார். பிறகு, “கதவைத் திறக்கலேன்னா?”

“இறங்குங்க அண்ணாச்சி,” என்றாள் கிரேஸ்லின். “வண்டியை நான் பிடிச்சுக்கிடுதேன்.”