உலக்கைச் சத்தம்

"தாயே, என் தோள் கழன்றே போச்சு. இனி என்னால உலக்கை பிடிக்க முடியாது" என்றார் வடமலை.

பொய்யில்லை, பாவம். உலகம்மையின் மடத்தில் ஒரு வழக்கம். மனக்குறை சொல்ல யார் உள்ளே போனாலும், சாத்திய கதவுக்கு வெளியே சீடர் வடமலை நெல் குத்த வேண்டும். உள்ளே பேசுவதில் ஒரு சொல் வெளியே கேட்கக் கூடாது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடருக்கோ அறுபது தாண்டிவிட்டது.

வடமலை போனை நீட்டினார்.

"இதுல ஒரு ஆப் போட்டிருக்கேன். வீட்டுல இருந்தே குறையை எழுதி அனுப்பிடலாம். வெயில்ல நிக்க வேண்டாம். உலக்கையும் வேண்டாம்."

"நல்ல வசதிதான். எழுதினதை யார் பார்ப்பா?"

"நீங்க மட்டும்தான்."

"ஆப் செஞ்சவன்?"

"அது... என்னென்னவோ அனுமதி கேட்டுச்சு. எல்லாத்துக்கும் சம்மதம்னு அழுத்திட்டேன்."

"படிச்சுப் பார்த்தீங்களா?"

"அதை எவன் தாயே படிக்கிறான்!"

உலகம்மை சிரித்துவிட்டாள்.

"சரி. முதல் குறை உங்களோடதா இருக்கட்டும். எழுதுங்க."

ஊருக்குத் தெரிந்தவரை வடமலையின் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். உள்ளபடி அவன் சிறையில் இருக்கிறான். இதைப் பற்றி அவர் குருவிடம்கூட வாய் திறந்ததில்லை.

'என் மகன்' என்று எழுதினார். அழித்தார். அழிந்துவிட்டதா என்று திரையை உற்றுப் பார்த்தார். வேட்டியால் ஒருமுறை துடைத்தும் பார்த்தார். பயம் போகவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தார்.

உலகம்மை எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

தொம். தொம். உரலில் உலக்கை விழுந்தது.

வடமலை மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"என் பிள்ளை ஜெயில்ல இருக்கான்."

தொம்.

"நான் ஒருநாள்கூட அவனைப் போய்ப் பார்க்கலை!"

சத்தமாகவே சொன்னார். சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். எவ்வளவு காலத்து அழுகையோ, நிற்க நேரமாயிற்று.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். உலகம்மைக்கு வேர்த்துக் கொட்டியது. தலையெல்லாம் தவிடு.

"தாயே... உங்களுக்குக் கேட்டுச்சா?"

"இந்தச் சத்தத்துல எனக்கு எங்கே கேட்கும்?"

வாசலில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வருவதா போவதா என்று நின்றிருந்தாள்.

வடமலை கையை நீட்டினார்.

"உலக்கையை இப்படிக் கொடுங்க."