முதலிடம் பிடித்த முந்நூறு தலையணை

இந்தத் தலையணையின் வாயைத் தைத்து முடிக்க இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. பாப்பா தூளியில் தூங்குகிறாள். பக்கத்து வீட்டில் முந்நூறு தலையணை அடுக்கிக் கிடக்கும்போது அந்த வீட்டுக்கே நான் ஏன் ஒற்றைத் தலையணை தைக்கிறேன் என்று கேட்பீர்கள். ஊசி அது பாட்டுக்கு ஓடட்டும், சொல்கிறேன்.

பக்கத்து வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் ஒச்சப்பன், நடுவில் சுருளிவேல், கடைசி போதுராசா. மூன்று பேரும் ரொம்ப நல்லவர்கள். சொன்னதை அப்படியே செய்வார்கள். அதுதான் தொந்தரவு.

போன வருஷம் இலவமரம் நன்றாகக் காய்த்தது. பஞ்சை என்ன செய்ய என்று கேட்டதற்கு யாரோ தலையணை செய்யுங்கள் என்றார்கள். எத்தனை என்று சொல்லவில்லை. அதனால் பஞ்சு தீரும் வரைக்கும் செய்தார்கள். வாய் தைத்துக் கொடுத்தது நான். உள்ளறை நிறைந்து, கூடம் நிறைந்து, கடைசியில் அடுப்படிக்கும் வந்துவிட்டது. ஒச்சப்பன் அண்ணனின் மனைவி காமுத்தாய் அக்கா ஒருநாள் சாம்பார்ச் சட்டியைத் தேடி மூன்று தலையணைக்கு அடியிலிருந்து எடுத்தார். சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் துணிப்பையை எடுத்தார்.

"நான் கம்பத்துக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன். இந்த வீட்டுல ஒரு தலகாணிகூட இல்லைன்னு ஆன பெறகு வந்து கூப்பிடுங்க."

அன்றிலிருந்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. தலையணை போனால்தான் அக்கா வருவார். இரவும் பகலும் அதே நினைப்பு.

செல்போன் கடை இன்பராசு வெப்சைட் ஒன்று போட்டுக் கொடுத்தார். ஒரு மாசம் ஆகியும் ஈ காக்கை வரவில்லை.

"சும்மா போட்டா யாருண்ணே வருவா?" என்றார் இன்பராசு. "ஜனங்க என்ன தேடுறாங்கன்னு மொதல்ல தெரிஞ்சுக்குங்க. அந்த வார்த்தைய ஒங்க வெப்சைட் பக்கத்துல போடுங்க. தேடுறவங்க நேரா ஒங்ககிட்டதான் வருவாங்க."

மறுநாள் விடியும்போதே மூன்று பேரும் நோட்டும் பேனாவுமாகப் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள்.

"அண்ணே, நீங்க என்ன தேடுறீங்க?"

"கருப்பு ஆடு ஒண்ணு. நேத்து சாயங்காலத்துல இருந்து காணோம்."

"அக்கா, நீங்க?"

"மகளுக்கு மாப்பிள்ள. பல்லு எடுப்பா இருக்கக் கூடாது."

இப்படி நாற்பத்தாறு வார்த்தை சேர்ந்தது. அவ்வளவையும் ஒன்று விடாமல் பக்கத்தில் ஏற்றினார்கள். இன்பராசு சொன்னது பலித்துவிட்டது. இரண்டு நாளில் தேடுகிறவர்கள் நேராக வந்துவிட்டார்கள்.

"கருப்பு ஆடு இங்க இருக்குன்னு போட்டிருக்கே, எங்க?" என்று வாசலில் நின்றார் ஆட்டுக்காரர்.

"ஆடு இல்லண்ணே. அந்த வார்த்தைதான் இருக்கு. தலகாணி பாக்குறீங்களா?" என்றார் சுருளிவேல்.

ஆட்டுக்காரர் சொன்னதை என் வாயால் சொல்ல முடியாது. மாப்பிள்ளை தேடிய அம்மா பரவாயில்லை. போதுராசாவைப் பார்த்து, டீ குடித்து, பல்லைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

திரும்பவும் இன்பராசுவிடம் போனார்கள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"தலகாணி சம்பந்தப்பட்ட வார்த்தையா இருக்கணும்ணே. ஆனா வெறுமனே 'தலையணை'ன்னு போட்டா லட்சம் கடைக்காரன் போட்டிக்கு நிப்பான். போட்டியே இல்லாத வார்த்தையாப் பாருங்க. நீளமா இருந்தா நல்லது."

கூடத்தில் இடமில்லாததால் தலையணை மேலேயே உட்கார்ந்து யோசித்தார்கள். நான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற கைச்சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"'இலவம்பஞ்சுத் தலையணை'ன்னு போடுவோமா?" என்றார் போதுராசா.

ஒச்சப்பன் அண்ணன் போனில் தட்டிப் பார்த்தார். "வேண்டாம்டா. ஏகப்பட்ட பேரு தேடியிருக்கான். கூட்டத்துல நமக்கு என்ன வேல?"

"'கழுத்து வலிக்குத் தலையணை'?"

"அதையும் ஜனங்க தேடுறாங்க. ஜனங்க தேடாததாச் சொல்லு."

மத்தியானம் வரைக்கும் இப்படியே போனது. கடைசியில் சுருளிவேல் கண்டுபிடித்தார்: 'முத்தாலங்குளம் ஒச்சப்பன் வீட்டு உள்ளறையில் ஜன்னலை மறைத்துக் கிடக்கும் முந்நூறு தலையணை'. அதைப் பக்கத்தில் ஏற்றிவிட்டுப் போனில் தட்டினார்கள். உலகத்திலேயே ஒரே பக்கம்தான் வந்தது. அவர்களுடைய பக்கம். முதலிடம்.

எங்கள் வீட்டுக்குக்கூட அல்வா வந்தது.

அதற்கப்புறம் காலையில் எழுந்ததும் மூன்று பேரும் ஆளுக்கொரு போனில் அந்த வார்த்தையைத் தேடி, முதலிடத்தில்தான் இருக்கிறோமா என்று பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று வெப்சைட்டே கணக்குக் காட்டுமாம். தினமும் மூன்று பேர்.

"கூடலை, குறையலை. ஞாயித்துக்கெழமகூட மூணு பேரு," என்று இன்பராசுவிடம் பெருமையாகச் சொன்னார் ஒச்சப்பன் அண்ணன்.

"வாங்குறாங்களா?"

"பாத்துட்டுப் போயிர்றாங்க."

"வந்தவங்க வாங்காமத் திரும்பிக்கிட்டே இருந்தா பக்கம் கீழ எறங்கிரும்ணே."

வீட்டுக்கு வந்து யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"எவனோ மூணு பேரு நம்ம பொழப்பக் கெடுக்கிறான்," என்றார் சுருளிவேல்.

போதுராசா தலையைக் குனிந்துகொண்டார். "ஒண்ணு சொன்னா அடிக்கக் கூடாது. நானும்தாண்ணே தெனமும் பாக்குறேன். வாங்குறதில்ல."

"நானும்தாண்டா," என்றார் ஒச்சப்பன் அண்ணன்.

அன்று சாயங்காலம் ஆளுக்கு நூறு தலையணை வாங்கிவிட்டார்கள். மூன்று ஆர்டர், முந்நூறு தலையணை, ஒரே நாளில். எண்ணிக் கட்டும்போது ஒன்று குறைந்தது. மாதிரிக்கு என்று இன்பராசுவுக்குக் கொடுத்தது அவர்களுக்கு ஞாபகமில்லை. காமுத்தாய் அக்கா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த, கிளி போட்ட தலையணையைச் சேர்த்துக் கணக்கை நேர்செய்தார்கள். ஒரு தலையணைகூட இருக்கக் கூடாது என்றுதானே அக்காவும் சொன்னார்? பார்சல் வேன் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது.

அண்ணன் அன்றைக்கே கம்பத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அக்கா வந்து கூடத்தைப் பார்த்தார். உள்ளறையைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வெயில் விழுந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனுக்குப் பிடிக்கும் என்று கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார். குழம்பு கொதிக்கும்போது வாசலில் வேன் சத்தம் கேட்டது.

டிரைவர் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "ஒச்சப்பன், சுருளிவேல், போதுராசா. ஆளுக்கு நூறு. இந்த வீடுதானே?"

முந்நூறும் உள்ளே போயின. முதலில் ஜன்னல் மறைந்தது.

அக்கா கரண்டியும் கையுமாக நின்றார். கிளித் தலையணை மட்டும் ஒரு கட்டின் நடுவில் எட்டிப் பார்த்தது. "அதையாவது எடுத்துக் குடுங்க. தல வைக்கணும்."

"அது வாடிக்கையாளர் பொருள் தாயி. கட்டைப் பிரிக்கக் கூடாது," என்றார் அண்ணன்.

"எந்த வாடிக்கையாளர்?"

"நாங்கதான்."

"அப்ப ஒங்களக் கேட்டு எடுத்துக் குடுங்க."

"கேக்காம இருப்பேனா? ரெண்டு தடவ கேட்டுட்டேன். குடுக்க மாட்டேங்கிறேன்."

அக்கா இரண்டு ராத்திரி சேலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தார். இன்று காலையில் கைச்சுவருக்கு வந்து, "செல்லக்கிளி, அவங்களுக்குத் தெரியாம எனக்கு ஒரே ஒரு தலகாணி தச்சுக் குடுடி. இன்னைக்கும் இல்லைன்னா நான் மறுபடி கம்பத்துக்குப் பஸ் ஏறிருவேன்," என்றார். அதுதான் இது. இன்னும் நாலு தையல். முடித்ததும் முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய்…

"செல்லக்கிளி, கையில இருக்கிறத அப்படியே வை ஆத்தா." கைச்சுவருக்கு மேலே ஒச்சப்பன் அண்ணனின் தலை. "நீ தைக்கிறதப் பாத்து சுருளி வெப்சைட்டுல 'இருப்பு ஒண்ணு'ன்னு ஏத்துனான். கண்ணு மூடித் தெறக்கல, போதுராசா வாங்கிட்டான். கட்டித் தரணும், வா."

அக்கா அந்தப் பக்கம் துணிப்பையோடு நிற்கிறார். நான் ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டு எழுந்துவிட்டேன். இந்தத் தலையணையை யார் கையில் கொடுக்க, நீங்களே சொல்லுங்கள்.