பந்தியில் கடைசி ஆள்

"அழுகை நிக்க மாட்டேங்குதுங்க சாமி" என்றாள் கோமளவல்லி.

சாமி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எத்தனை நாளா?"

"நாலு மாசமாங்க."

"சாப்ட்டீங்களாக்கா?"

கோமளவல்லிக்கு முகம் சுண்டிப்போனது. "ஆச்சுங்க" என்றாள்.

"அப்பச் சரி" என்று அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

மறுநாளும் வந்தாள்.

"காலைல கண்ணு முழிச்சா, எதுக்கு முழிச்சோம்னு இருக்குதுங்க சாமி."

"சாப்ட்டீங்களாக்கா?"

"ஆச்சுங்க."

"அப்பச் சரி."

மூன்றாம் நாள் அவள் வாயைத் திறக்கவே இல்லை. சும்மா வந்து எதிரில் உட்கார்ந்தாள். அப்போதும் அதே கேள்வி, அதே பதில், அதே சரி.

ஐம்பத்திரண்டு வயதுக்காரி முப்பத்தாறு வயதுக்காரனிடம் மனக்குறை சொல்ல வந்தால் இப்படித்தான் என்று அவள் நொந்துகொண்டாள். அந்தச் சாமி மடத்துக்கு வருமுன் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். உபதேசம் கேட்டு வருகிறவர்களுக்குச் சில்லறை இல்லாத பயணியிடம் பேசுவது போலத்தான் பதில் சொல்வார். ஆனாலும் நொய்யல் கரையில் அந்தச் சின்ன மடத்துக்குக் கூட்டம் வந்துகொண்டுதான் இருந்தது.

அவருடைய கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. ஊரில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் கேட்பதுதான். கோமளவல்லிக்குத்தான் அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் உடம்பு கூசியது.

காரணம் இதுதான். நூற்று இருபத்து நான்கு கிலோ இருந்தவள், நாலு மாதத்துக்கு முன் கோயமுத்தூருக்குப் போய், இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். புருஷனுக்கு மட்டும் தெரியும். மற்றவர்களிடம் பித்தப்பையில் கல் என்று சொல்லிவிட்டாள். கல் எவ்வளவு பெரிது என்று நாத்தனார் துருவித் துருவிக் கேட்டபோது, கொட்டைப்பாக்கு அளவு என்று ஒரு போடு போட்டாள்.

எடை இறங்கியது. முப்பத்தோரு கிலோ. பழைய ரவிக்கைகள் தொளதொளவென்று தொங்கின. சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவளுக்கு அது வரவில்லை.

துக்கம் வந்தால் முறுக்கு, சந்தோஷம் வந்தால் மைசூர்பாகு என்று வாழ்ந்தவள் அவள். இப்போது துக்கம் மட்டும் வந்தது. அதைக் கொண்டுபோய் வைக்க வயிற்றில் இடமில்லை. தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி வந்தது. மத்தியானம் ஆனால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதாள்.

உடம்பு இறங்கும்போது மனசும் இறங்கலாம், அப்படி ஆனால் மறைக்காமல் வாருங்கள், அதற்கென்று தனி டாக்டர் இருக்கிறார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். அவள் போகவில்லை. ஆசைப்பட்டுச் செய்துகொண்டவளுக்கு அழுகை ஒரு கேடா என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். யாரும் அப்படிக் கேட்கவில்லை. அவளே அவளைத் தினமும் கேட்டுக்கொண்டாள்.

இது பாதி வெட்கம். மீதிப் பாதி மடத்தில் வந்து சேர்ந்தது.

ஆபரேஷன் முடிந்து முதல்முறை மடத்துக்கு வந்த அன்று, "பந்திக்கு வாங்க" என்று கூப்பிட்டார்கள். "எனக்கு வேண்டாங்க" என்றாள். பூ கட்டுகிற பழனாத்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இளைத்த கன்னம், அழுது சிவந்த கண், பேச்சில்லாத வாய்.

"விரதமுங்களா?" என்று கேட்டாள்.

கோமளவல்லி தலையை ஆட்டினாள். அந்த ஒரு ஆட்டல்தான்.

அடுத்த வாரம் வந்தபோது அது மண்டல விரதம் ஆகியிருந்தது. அதற்கடுத்த வாரம் மௌன விரதமும் சேர்ந்துகொண்டது. அவள் பேசப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்ததைத்தான் அப்படிச் சொன்னார்கள். ஒரு வயதானவர் குனிந்து அவள் காலைத் தொடப் போனார். பதறி விலகினாள். அதையும் பணிவு என்று சொல்லிவிட்டார்கள்.

பந்தி நடக்கும் நேரத்தில் அவள் கைப்பையோடு மடத்துக் குளியலறைக்குப் போவாள். தாழ்ப்பாள் போடுவாள். சின்ன எவர்சில்வர் டப்பாவில் மசித்த பருப்புச் சாதம் இருக்கும். கரண்டி உரசும் சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, நின்றபடியே தின்பாள். விழுங்கும்போதெல்லாம் தன்மேல் தனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனால் வெளியே வந்ததும் நாலு பேர் கும்பிட்டார்கள். அதை நிறுத்தவும் அவளுக்கு மனசு வரவில்லை. ஆயுசு முழுக்க ஊர் அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. கும்பிட்டது இதுதான் முதல் தடவை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருக்கும் மரகதமும் அந்த நாலு பேரில் ஒருத்தி. நாற்பது வயது, கோமளவல்லியின் பழைய உடம்பு.

"எப்புடீங்க்கா?" என்று ஒருநாள் ரகசியமாகக் கேட்டாள். "எனக்கும் சொல்லுங்க்கா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அப்போது பார்த்துப் பழனாத்தா பக்கத்தில் நின்றாள்.

"மோரு மட்டுந்தான் மரகதம். மனசை அடக்கோணும்" என்றாள் கோமளவல்லி.

மரகதம் அப்படியே பிடித்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் இட்லி அவித்துப் போட்டுவிட்டு, அவள் வெறும் மோர் குடித்தாள். பதினோராம் நாள் குடத்தைத் தூக்கும்போது குழாயடியில் விழுந்தாள். புருவத்தில் நாலு தையல்.

கோமளவல்லி பார்க்கப் போனாள். மரகதம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சேலையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

"உங்க வைராக்கியத்துல கால்வாசிகூட எனக்கு இல்லீங்க்கா. பன்னெண்டாம் நாளுத் தின்னுட்டேன். ரெண்டு இட்லி" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் குனிந்த தலை கோமளவல்லியைக் கொன்றது. அங்கிருந்து நேராக மடத்துக்கு வந்தாள். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

சாமி வாசலில் கோலப்பொடி டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சாப்ட்டீங்களா…"

"இல்லீங்க!" என்று கத்தினாள். "நான் விரதமெல்லாம் இல்லீங்க சாமி. ஆஸ்பத்திரில வயித்தை வெட்டிக்கிட்டேன். பொய் சொல்லிப்போட்டேன். கக்கூஸ் பக்கத்துல நின்னுக்கிட்டுத் திங்கறேன். என்னால ஒரு பொம்பளை மண்டைய ஒடைச்சுக்கிட்டா."

சாமி டப்பாவைக் கவிழ்த்து வைத்தார்.

"இதை எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்க? நானா கீழ விழுந்தேன்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அழுகைன்னு சொன்னீங்களே. டாக்டருகிட்டச் சொன்னீங்களா?"

"வெக்கமா இருந்துதுங்க."

"ம்."

சாமி பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

"நாளான்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்கு அமாவாசை. பந்தியில உக்காருங்க."

"பந்தியிலயா? அய்யோ, என்னால ஆகாதுங்க சாமி."

"உக்காருங்க" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த மடத்துப் பந்திக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கிறவரை யாரும் எழுந்திரிக்கக் கூடாது. கை காய்ந்தாலும் சரி, கால் மரத்தாலும் சரி. எதற்கு அப்படி என்று யாருக்கும் தெரியாது. யாரும் அதை மீறியதும் இல்லை.

பழைய நாட்களில் அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் கோமளவல்லிதான். அவள் மூன்றாம் தடவை சோறு வாங்கும்போது அறுபது பேர் இலையை மூடிவிட்டு அவளையே பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் அவள் கோயமுத்தூருக்கே போனாள்.

அமாவாசை மத்தியானம் வந்தாள். தூண் மறைவில் நின்றாள்.

"உள்ள தள்ளி உக்காருங்க, எடம் இருக்குது" என்று சாமி குரல் கொடுத்தார். கையில் சோற்று வாளி.

அவர் காட்டிய இடத்துக்குப் பக்கத்து இலையில் புருவத்துப் பிளாஸ்திரியோடு மரகதம் உட்கார்ந்திருந்தாள். தோற்றுப்போனவள் என்பதால் இலையில் ஒரு கைப்பிடிதான் வாங்கியிருந்தாள்.

சாமி கோமளவல்லி இலையில் இரண்டு கரண்டி பருப்புச் சாதம் வைத்தார். குழைத்து, மசித்து. அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் ஆனது. பாயசம்வரை முடித்துவிட்டார்கள். கோமளவல்லி நாலாவது வாயை மென்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு வாயும் கூழாகிற வரை மெல்ல வேண்டும். அவசரப்பட்டு விழுங்கினால் நெஞ்சுக்குள் கல்லாக நிற்கும், அப்புறம் நுரை நுரையாக வெளியே வரும்.

அறுபது பேர் காத்திருந்தார்கள்.

ஒருவர் இருமினார். ஒரு குழந்தை சிணுங்கியது. "இன்னும் யாருங்க அது?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சத்தம் போடாதீங்க" என்றாள் பழனாத்தா. "அம்மா விரதம் முடிக்கறாங்க."

உடனே முன்வரிசையில் இருவர் எச்சில் கையை விட்டுவிட்டு இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள்.

கோமளவல்லிக்குக் காது சுட்டது. இப்போது இலையை மூடினால் போதும். அம்மாவுக்கு நாலு வாய்தான் ஆகாரம் என்று ஊர் பேசும். எல்லோரும் எழுந்து கை கழுவப் போய்விடுவார்கள். கை இலையின் விளிம்புக்குப் போயும்விட்டது.

பக்கத்தில் மரகதம் அந்த நாலு வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு, தன் காலி இலையைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

சாமி வாளியோடு எதிரில் வந்து நின்றார்.

"இன்னும் இருக்குதேக்கா" என்றார்.

கோமளவல்லி இலையை விட்டாள்.

"மரகதம்" என்றாள். குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். இந்தத் தடவை கடைசி வரிசைவரை கேட்டது.

"மரகதம், நான் விரதம் இருக்கலை. ஒரு நாள்கூட இருக்கலை. ஆபரேசன் பண்ணி வயித்தை வெட்டி எடுத்துட்டாங்க. மிச்சம் இருக்கறது ஒரு டம்ளர் அளவுதான். அதனாலதான் எளைச்சேன். வைராக்கியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உங்கிட்டப் பொய் சொன்னேன்."

பழனாத்தாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

"இந்தச் சோத்தைத் தின்னு முடிக்க எனக்கு இன்னும் இருவது நிமிசம் ஆகும். திங்காட்டித் தலை சுத்தும். எல்லாரும் மன்னிச்சுக்கோணும்."

சொல்லிவிட்டு ஐந்தாவது வாயை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணீர் இலையில் விழுந்தது. மென்றாள். அறுபது பேர் நடுவில் அம்மணமாக உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"பதினோரு நாளு" என்றாள் மரகதம்.

"தெரியும்."

"நான் அவிச்ச இட்லி வாசத்துக்கு நானே மூக்கைப் பொத்திக்கிட்டேன்."

கோமளவல்லி மென்றுகொண்டே தலையை ஆட்டினாள்.

மரகதத்தின் மூச்சு புஸ் புஸ்ஸென்று கேட்டது. முகம் சிவந்துவிட்டது. எழுந்து போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்படிப் போனால் அந்த மடத்துப் பந்தியிலிருந்து நடுவில் எழுந்த முதல் ஆள் அவளாகத்தான் இருந்திருப்பாள்.

"சாமி" என்று கூப்பிட்டாள். "இங்க சோறு."

சாமி வந்து போட்டார்.

"இன்னும்."

போட்டார்.

"கொழம்பு."

ஊற்றினார்.

கடைசி வரிசைக்காரர் ஒரு முழங்காலை ஊன்றி, "அப்ப நாங்க எந்திரிக்கலாங்களா?" என்று கேட்டார்.

"உக்காருங்க!" என்று அதட்டினாள் மரகதம். "நான் இன்னும் முடிக்கலை."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

மரகதம் ஐந்து விரலும் பதிய சோற்றைப் பிசைந்தாள். பெரிய கவளமாக உருட்டி வாயில் போட்டாள். கோமளவல்லி பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"எனக்குக் கோவம் ஆறலீங்க்கா" என்றாள். "ஆறுற வரைக்கும் தின்னுட்டுத்தான் இருப்பேன். நீங்க மெதுவாத் தின்னுங்க."