பதினோரு ஆண்டுகள் பூட்டிய கில்ட்

“பூட்டித்தான் வைத்திருந்தேன். சாவி என்னிடமே இருந்தது. பிறகும் பூச்சி எப்படி உள்ளே போயிற்று?”

கேட்டவர் வேதமாணிக்கம். அந்த மலை நகரத்தின் பைக்குழல் (பேக்பைப்) இசைக்குழுவை இருபத்திரண்டு ஆண்டுகள் நடத்தி ஓய்வு பெற்றவர். வயது எழுபது.

அவர் கேட்டது பாக்கியவதியிடம். அக்குழுவின் உடுப்பறைக்குப் பொறுப்பாளர். வேதமாணிக்கத்தைவிட முப்பது வயது இளையவர். துணியைப் பற்றிக் கேட்கப் போகிறவர்கள் வேறெதையோ தெரிந்துகொண்டு திரும்புகிறார்கள் என்று அவரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு.

மேசைமேல் ஒரு கில்ட் கிடந்தது. ஏழு கஜக் கம்பளியை மடிப்பு மடிப்பாக அடுக்கி, குழல் ஊதுவோர் இடுப்பைச் சுற்றிக் கட்டும் உடை. பின்புறம் இருபத்தேழு மடிப்புகள். முன்புறம் மடிப்பில்லாத அகன்ற மடல்.

இடுப்புப் பட்டையின் ஓரமெங்கும் அந்துப்பூச்சி அரித்திருந்தது. முன்மடலின் கீழ்முனையிலும் ஒரு கொத்துத் துளைகள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் துளை தெரியாமல் அடைத்துத் தர வேண்டும் என்றார் வேதமாணிக்கம். அவர் மகன் ஜெபசிங் அன்று வருகிறான். வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அவன் மகளைப் பள்ளியின் குழல் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். அவளுக்கு அளவு குறைத்துத் தைக்கத் தன் பழைய கில்ட் வேண்டும் என்று கடிதம் எழுதியிருந்தான். வேறெதையும் அவன் கேட்கவில்லை.

“அவன் கேட்டது இது ஒன்றுதான், அம்மா. இதையும் கெடுத்துவிட்டேன் என்று அவன் நினைக்கக் கூடாது.”

பாக்கியவதி ஊசியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

வேதமாணிக்கத்துக்குக் கோபம் வந்தது. தாம் வேலை கொடுக்க வந்ததாகவும், வேலை கற்றுக்கொள்ள வரவில்லை என்றும் சொன்னார். முதலில் மடிப்புகள் கலையாமலிருக்கப் பெரிய பெரிய தையலாகப் போட்டு அவற்றைக் கட்ட வேண்டும், அதை அவரே செய்தால்தான் மற்றதைத் தாம் தொடுவதாகப் பாக்கியவதி சொல்லிவிட்டார்.

புதன்கிழமை முழுவதும் வேதமாணிக்கம் தைத்தார். நான்கு மடிப்புகள்கூட நேராக நிற்கவில்லை.

இடையிடையே அறையைச் சுற்றிப் பார்த்தார். முப்பத்திரண்டு கில்ட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றும் இடுப்புப் பட்டையில் இரண்டு கிளிப்புகளால் பிடிக்கப்பட்டு, மடிப்புகள் தம் கனத்தாலேயே நேராக விழும்படி. மேலே பருத்தித் துணி உறை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு கை நுழையும் இடைவெளி. பழக்கம் போகாமல், எழுந்துபோய் மடிப்புகளை விரலால் அளந்தார்.

“எத்தனை தவறு கண்டீர்கள், ஐயா?”

“ஒன்றும் இல்லை.”

“வந்தது வீணாயிற்றே.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்து மறுபடியும் தைத்தார்.

வியாழக்கிழமை, அந்த கில்ட்டை எப்படி வைத்திருந்தார் என்று பாக்கியவதி கேட்டார். மகன் கட்டிலில் போட்டுவிட்டுப் போனதை அப்படியே எடுத்து, பிளாஸ்டிக் உறையில் இட்டு, இரும்புப் பெட்டியில் பூட்டியதாகச் சொன்னார். ஒருநாளும் திறக்கவில்லை. திறக்கத் துணிவு வரவில்லை.

“உடுத்திய கம்பளியை ஒரு நாள் காற்றாட விட வேண்டும், தூரிகையால் துடைக்க வேண்டும், பிறகுதான் தொங்கவிட வேண்டும் என்று இந்தச் சுவரில் எழுதியிருக்கிறது. எழுதியது யார்?”

“நான்தான்.”

“சட்டம் எழுதியவர் வீட்டில்தான் பூச்சி நிம்மதியாக இருந்திருக்கிறது.”

அவர் தையலிலிருந்து கண்ணெடுக்காமல் பதில் சொன்னார். “காற்றாட விட்டால் அவன் வாசனை போய்விடும் என்று நினைத்தேன்.”

பாக்கியவதி அதன்பின் ஏளனம் பேசவில்லை. வியர்வையின் உப்பு ஏறிய கம்பளியைத்தான் அந்துப்பூச்சி தேடித் தின்னும் என்று மட்டும் சொன்னார். முட்டை அன்றே துணியில் இருந்திருக்கும். பூட்டு அதைத்தான் காத்தது. அதனால்தான் வியர்வை படியும் இடுப்புப் பட்டையில் இத்தனை அரிப்பு.

(இதை வாசிப்பவர் யாராயினும், மனத்துக்கு நெருங்கியவர் உடுத்திய கம்பளியை மூடி வைக்குமுன் ஒரு நாளேனும் சன்னலருகே தொங்கவிடுங்கள். வேப்பிலையும் வசம்பும் கட்டிய சிறு துணி முடிச்சு ஒன்றை உடன் வையுங்கள். இது பாக்கியவதி எனக்கும் சொன்னது.)

வெள்ளிக்கிழமை, இருபத்தேழு மடிப்புகளும் கட்டப்பட்டன. இருபத்தேழாவது மடிப்பில் ஊசியை நிறுத்தி, கேட்காமலேயே வேதமாணிக்கம் பேசினார்.

சுதந்திர தின அணிவகுப்புக்கு முந்தைய ஒத்திகை. இருபத்துநான்கு பேர் பார்த்திருக்க, மகனின் பின்னால் நின்று கைக்கோலால் மடிப்புகளை அளந்தார். ஒரு மடிப்பு அரை விரல் விலகியிருந்தது. அவனை வரிசையிலிருந்து வெளியே நிறுத்தினார். மடிப்பைக் காக்கத் தெரியாதவன் குழலைத் தொடக் கூடாது என்றார். தகப்பன் பெயரையும் சேர்த்துக் கெடுக்கிறாய் என்றார். அவன் திரும்பி வீட்டுக்குப் போனான். மறுநாள் முதல் பேருந்தில் ஊரைவிட்டுப் போனான்.

“என் கைத்தையலில் ஒரு மடிப்புகூட அரை விரலுக்குள் நிற்கவில்லை, அம்மா. இதையா நான் அவனிடம் அளந்தேன்?”

பாக்கியவதி இடுப்புப் பட்டையின் துளைகளை இழை ஓட்டி அடைத்துக்கொண்டிருந்தார்.

“ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அவனுக்குக் கல் நெஞ்சு. அத்தனை பேர் முன்னால் அத்தனை சொன்னேன். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வருத்தப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை தணிந்து பேசியிருப்பேன். இத்தனை ஆண்டுகளும் அதுதான் என் ஆற்றாமை.”

பட்டை முடிந்தது. பாக்கியவதி நூலை அறுத்தார். மீதி, முன்மடலின் கீழ்முனை மட்டும்.

“ஐயா, இடுப்பில் வியர்க்கும். முழங்காலருகே தொங்கும் இந்த முனையில் என்ன வியர்க்கும்?”

அவருக்குத் தெரியவில்லை. சோறோ குழம்போ சிந்தியிருக்கும் என்றார். அன்று அவன் சாப்பிட்டானா என்று பாக்கியவதி கேட்டார். சாப்பிடவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டான்.

பாக்கியவதி எழுந்து வந்து கில்ட்டை அவர் மடியில் விரித்தார்; உடுத்தியவனுக்கு இருக்கும் விதமாகவே, மடிப்புகள் பின்னே, மடல் முன்னே.

“முகத்தைத் துடையுங்கள்.”

“சட்டைப் பையில் கைக்குட்டை இருக்கிறது.”

“கைக்குட்டைக்குக் கில்ட்டில் பை கிடையாது, ஐயா.”

அவர் குனிந்தார். அவருடைய வலக்கை தானாகவே மடலின் கீழ்முனையைப் பற்றி முகத்துக்கு உயர்த்தியது.

துளைகளின் வழியே விரல்கள் அவர் கன்னத்தில் பட்டன.

பாக்கியவதி சன்னலைத் திறந்து வைத்தார். ஊசியில் பச்சை இழை கோத்து, வெகுநேரம் காத்திருந்தார். பின் அருகே வந்து துணிக்காகக் கை நீட்டினார்.

வேதமாணிக்கம் அந்த முனையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“இதை மட்டும் அடைக்க வேண்டாம், அம்மா.”

“ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் கண்ணில் படுமே.”

“படட்டும். அவன் அழுததை நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரியட்டும்.”