பாலுக்கு முதல் சொல்

சகாரா பாலைவனத்தின் வடக்கு ஓரத்துச் சிற்றூர் ஒன்றில் வர்தியா என்ற பெண் இருந்தாள். வட ஆப்பிரிக்காவின் பழைய மொழிக் குடும்பமான பெர்பர் மொழிகளின் சொற்களை ஆராய்வது அவள் வேலை. அவளுக்கு வயது நாற்பது. அவளுடைய சீடர் அரெஸ்கிக்கு அறுபத்து மூன்று. தபால் நிலையத்தில் ஓய்வு பெற்ற மறுநாளே மலையிலிருந்து பஸ் ஏறி வந்து அவளிடம் படிக்கச் சேர்ந்தவர். அவளை ‘லல்லா’ என்றுதான் கூப்பிடுவார். மரியாதைக்குரிய பெண்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

மூன்று வருஷமாக அரெஸ்கி ஒரே ஒரு சொல்லின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார்.

அவருடைய மலையில் மோரை ‘இகி’ என்பார்கள். மேற்கே, மொராக்கோவின் தெற்கில், அது ‘அகு’. கிழக்கே, எகிப்தின் சீவாவில், ‘அஃகி’ என்றால் பால். தெற்கே பாலைவன நாடோடிகளான துவாரெக் மக்களுக்குப் பால் ‘அஃக்’.

ஒருநாள் காலையில் கேட்டார்.

“லல்லா, எல்லாம் ஒரே சொல்தான். அது தெரிகிறது. முதலில் பிறந்தது எது?”

“உங்களுக்கு என்ன தோன்றுகிறது?”

“எங்கள் மலைச் சொல்லாக இருக்கலாம். துவாரெக் சொல் நிச்சயமாக இல்லை. வால் அறுந்து தேய்ந்துபோன சொல் அது. கேட்டால் இருமல் மாதிரி இருக்கும்.”

“யார் சொல்லிக் கேட்டீர்கள்?”

“யாரும் சொல்லவில்லை. அகராதியில் பார்த்தேன்.”

வர்தியா பையை எடுத்துக்கொண்டாள். அன்று அவளுக்குப் பக்கத்து ஊரில் வகுப்பு. பஸ் வந்தது, போய்விட்டாள்.

பத்து மணி இருக்கும். அடுத்த கட்டடத்து மருத்துவமனையிலிருந்து நர்ஸ் நூரா வந்தாள்.

“ஐயா, லாரிக்காரர் ஒருவர் ரோட்டோரம் விழுந்து கிடந்த பெண்ணைக் கொண்டுவந்திருக்கிறார். அரபும் தெரியவில்லை, பிரெஞ்சும் தெரியவில்லை. நீங்கள் பேசிப் பாருங்களேன்.”

அரெஸ்கி போனார். அந்தப் பெண்ணின் உதடுகள் வெடித்திருந்தன. பாதம் முழுக்கக் கொப்புளம். தன் மலைமொழியில் பேசினார். அவளுக்குப் புரியவில்லை. கண்ணை மூடியபடியே தொண்டையின் அடியிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் அதே சத்தம்.

“வந்ததிலிருந்து இப்படித்தான் முனகுகிறாள்,” என்றாள் நூரா. “வலிக்கு ஊசி போட்டிருக்கிறேன். தூங்கிவிடுவாள்.”

அரெஸ்கி குனிந்து காது கொடுத்துக் கேட்டார். சட்டென்று நிமிர்ந்தார்.

“இது முனகல் இல்லை அம்மா. இது சொல், துவாரெக் சொல். பால் கேட்கிறாள்.”

நூரா ஒரு டம்ளர் பால் கொண்டுவந்தாள். அந்தப் பெண் குடிக்கவில்லை. டம்ளரை வாசல் பக்கமாகத் தள்ளினாள். பிறகு வெறும் கைகளை மடித்து நெஞ்சருகே வைத்து, மெதுவாக ஆட்டினாள்.

நூராவின் முகம் மாறியது. “பால் தனக்காகக் கேட்கவில்லை, குழந்தைக்குக் கேட்கிறாள். தாகத்தில் இவளுக்கே வற்றியிருக்கும்.”

“பிள்ளை எங்கே?” என்று அரெஸ்கி ஜன்னலைக் காட்டிச் சைகையில் கேட்டார். மருந்தில் அவள் கண் சொருகிக்கொண்டிருந்தது. விரலை மட்டும் தூக்கித் தெற்கைக் காட்டினாள்.

லாரிக்காரர் இன்னும் போகவில்லை. நூரா புட்டியில் பாலை ஊற்றிக் கொடுத்தாள். அரெஸ்கியும் லாரிக்காரரும் அந்தப் பெண் விழுந்து கிடந்த இடத்துக்குப் போனார்கள். அங்கிருந்து காலடித்தடம் மணலுக்குள் போனது. காற்று அதை அழித்துக்கொண்டே வந்தது. அரெஸ்கி இறங்கி முன்னால் நடந்தார். தடம் தெரியாத இடத்தில் மண்டியிட்டுத் தேடினார். லாரி பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

ஒன்பது கிலோமீட்டர். ஒரு மேட்டைத் தாண்டியதும் கவிழ்ந்து கிடந்த ஜீப் தெரிந்தது. அதன் நிழலில் கால் முறிந்த ஒரு மனிதன், மடியில் துணி சுற்றிய பெண்குழந்தையோடு கிடந்தான். வந்தவர்கள் யார் என்று அவன் கேட்கவில்லை.

“அஃக்?” என்றான்.

அரெஸ்கி புட்டியை நீட்டினார். “அஃக்,” என்றார். அந்தச் சொல்லை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை.

லாரி ஹாரன் அடித்துக்கொண்டே ஊருக்குள் நுழைந்தது. விஷயம் கேள்விப்பட்டுத் தெருவுக்கு வந்த பெண்கள் குலவையிட்டார்கள். முன் சீட்டில் குழந்தையை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்திருந்த அரெஸ்கி, கண்ணைத் துடைக்கக் கை ஒழியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வர்தியா மருத்துவமனைக்கு வந்தபோது அந்தப் பெண்ணின் கணவனுக்குக் காலில் கட்டுப் போட்டாகிவிட்டது. தாய் எழுந்து உட்கார்ந்து குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் அதன் காதில் ‘அஃக், அஃக்’ என்று சொல்லிச் சிரித்தாள்.

“காலையில் தப்பாகப் பேசிவிட்டேன், லல்லா,” என்றார் அரெஸ்கி. “அது தேய்ந்த சொல் இல்லை.”

“சரி.”

“அப்படியானால் அதுதான் முதல் சொல்லா?”

வர்தியா கட்டிலருகே போய்க் குழந்தையைப் பார்த்தாள்.

“எத்தனை மாசம்?”

“நாலு என்று தாய் விரலைக் காட்டினாள்.”

“இன்னும் எட்டு மாசம் பொறுங்கள். முதல் சொல் எது என்று இந்தக் குட்டியே சொல்வாள்.”